கவிழ்த்த வாளி

அவள் உள்ளே வந்ததுமே குதிரை பின்பக்கத்தைக் காட்டிக்கொண்டு நின்றது.

காதுகள் பிடரியோடு படிந்திருந்தன. ஒரு பின்னங்கால் தரையை விட்டு லேசாகத் தூக்கியிருந்தது.

"சரிடி செம்பி, உதைச்சுக்க," என்றாள்.

வாளியைக் கவிழ்த்துப் போட்டாள். முதுகைக் காட்டி உட்கார்ந்தாள்.

கொட்டகைத் தரையில் கருங்கல் பாவியிருந்தது. முதல் நாள் வாளியைக் கதவோரம்தான் போட முடிந்தது. ஒரு நாளைக்கு ஒரு கல் என்று நகர்ந்து இன்று பதினோராவது கல்.

மழையில் மூன்று நாள் ஏரியைச் சுற்றிச் சவாரி விட்டு, ஈர உடம்போடு இதைக் கட்டிப்போட்டவன் கொழுந்தன் இன்னாசி. நெஞ்சில் சளி கட்டி அது சாகக் கிடந்தபோது, "மதினி, குழி வெட்ட ஆள் சொல்லவா?" என்று கேட்டவனும் அவன்தான். பிறகு வாரக்கணக்கில் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

அவள் கூடவே இருந்தாள்.

இருபத்தொரு நாள், காலையும் மாலையும் ஊசி. டாக்டர் கழுத்தில் குத்துவார். குதிரை துள்ளாமலிருக்க, அதன் மேலுதட்டைக் கயிற்று வளையத்தில் மாட்டி முறுக்கிப் பிடிக்க வேண்டும். முறுக்கியது அவள் கை.

மனசு கேட்கவில்லை. முறுக்கும் முன்னால் ஒவ்வொரு தடவையும் உள்ளங்கையில் ஒரு துண்டு வெல்லம் வைத்து நீட்டினாள்.

அவள் செய்த பைத்தியக்காரத்தனம் அதுதான்.

குதிரை பிழைத்தது. வெல்ல வாசனை வந்தால் அடுத்து வலி வரும் என்று கற்றுக்கொண்டு பிழைத்தது. அவள் வந்தாலும் அப்படித்தான்.

உயிரைக் கொடுத்துப் பார்த்தவளைக் கடித்தது. போன வாரம் சும்மா வந்து நின்றவனின் சட்டையில் மூக்கைத் தேய்த்தது.

"பாத்தீங்களா மதினி? எங்க அண்ணன் விட்டுட்டுப் போன குதிரை. எங்க வாசனை அதுக்குத் தெரியாதா?" என்று இளித்தான். "அடுத்த ஞாயிறு வர்றேன். உங்க கையால கடிவாளம் மாட்டிட்டீங்கன்னா நீங்களே வச்சுக்கங்க. இல்லன்னா ஓட்டிட்டுப் போயிருவேன். சீசன் வருது."

இன்னொரு மழை நனைந்தால் தாங்காது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதை அவனிடமும் சொன்னாள். கேட்டால்தானே.

இன்று அந்த ஞாயிறு.

பிடரியில் வெதுவெதுப்பாக மூச்சு பட்டது.

அவள் திரும்பவில்லை. கையை மட்டும் மெல்லப் பின்னால் நீட்டினாள். ஈர மூக்கு வந்து விரலைத் தொட்டது. தொட்டபடியே இருந்தது.

இத்தனை நாளில் முதல் தடவை. அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

கதவு படாரென்று திறந்தது. பூசைக்குப் போட்ட வெள்ளைச் சட்டையோடு இன்னாசி நின்றான். மூச்சு விலகிப் போயிற்று.

"மாட்டுங்க, பாப்போம்."

அவள் கடிவாளத்தை எடுத்தாள். செம்பி காதை மடக்கியது. ஆனால் நகரவில்லை. உடம்பெல்லாம் நடுங்க, நின்றது. அவள் கை கழுத்தைத் தொட்டது. தாடையைத் தொட்டது. இன்னும் ஒரு சாண்தான்.

"பொழுது சாயறதுக்குள்ள மாட்டிருவீங்களா? தள்ளுங்க, நான் மாட்டிக் காட்டுறேன்."

அவன் சட்டைப் பைக்குள் கையை விட்டான்.

வெல்லம்.

வேண்டாம் என்று ஒரு சொல் போதும். அது அவள் வாய்வரைக்கும் வந்தது.

அவன் முகத்தைப் பார்த்தாள். குழி வெட்ட ஆள் சொல்லவா என்று கேட்ட அதே முகம்.

கடிவாளத்தோடு ஓரமாக ஒதுங்கினாள்.

"நல்லா கிட்டப் போய்க் குடுங்க தம்பி," என்றாள்.

குதிரை வீறிட்டது. அதற்கு மேல் சத்தமாகக் கத்தியது அவன். உதை சுவரில் விழுந்து காரை உதிர்ந்தது. இரண்டு விரலைப் பிடித்துக்கொண்டு வாசலுக்குப் பாய்ந்தான். வெள்ளைச் சட்டையெல்லாம் ரத்தம்.

"கிறுக்குப் பிடிச்ச சனியன். எனக்கு வேணாம். நீங்களே வச்சு அழுங்க."

போய்விட்டான். இனி வர மாட்டான். குதிரை அவளுடையது.

அவள் திரும்பினாள்.

செம்பி மூலையில் சுவரோடு ஒட்டி நின்றது. அவன் போன வாசலை அது பார்க்கவில்லை. அவளைத்தான் பார்த்தது. மேலுதட்டை உள்ளே இழுத்து இறுக்கி வைத்திருந்தது.

"இல்லடி," என்றாள். "கயிறு இல்லடி."

ஓர் அடி எடுத்து வைத்தாள். செம்பி பின்னங்காலைத் தூக்கியது.

தரையில் மிதிபட்டுக் கிடந்த வெல்லத்தைப் பொறுக்கி வெளியே வீசினாள். கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள்.

பிறகு வாளியை எடுத்தாள். பதினொரு கல்லையும் தாண்டி, கதவோரம் கொண்டுபோய்க் கவிழ்த்தாள்.