முன்சக்கரத்துக்கு வந்தவன்

டார்லாவின் வீட்டு முன்னால் வெர்னன் முழங்காலிட்டதை எதிர்வீட்டு பெர்னிஸ் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டாள். அடுத்த ஐந்தாவது நிமிடம், வெண்ணெயில் வதக்கிய பியரோகிக் கொழுக்கட்டை ஒரு தட்டு நிறைய எடுத்துக்கொண்டு தெருவைத் தாண்டி வந்து நின்றாள்.

வந்து பார்த்தால், அவன் மண்டியிட்டிருந்தது டார்லாவுக்கு முன்னால் அல்ல, அவளுடைய பழைய பிக்கப் வண்டியின் முன்சக்கரத்துக்கு முன்னால். பெர்னிஸின் முகம் போன போக்கைப் பார்க்கவேண்டுமே.

அவளைக் குறைசொல்ல முடியாது. வெர்னன் ஊருக்கு ஒரே மெக்கானிக், நாற்பத்தைந்து வயதாகியும் கல்யாணமாகாதவன். டார்லாவின் கணவன் ரஸ்ஸோடு வருடாவருடம் மான் வேட்டைக்குப் போனவன். பதினான்கு மாதத்துக்கு முன் ஒரு ஜனவரிக் காலையில் ரஸ்ஸின் வண்டி குவாரி வளைவில் பள்ளத்தில் இறங்கி, அவன் அங்கேயே போய்ச் சேர்ந்தான். பனியில் வழுக்கிவிட்டது என்று போலீஸ் எழுதியது.

அன்றிலிருந்து டார்லா வீட்டுக்கு விறகு பிளப்பது, வாசல் பனியைத் தள்ளுவது எல்லாம் வெர்னன்தான். கூலி கிடையாது. கூலி வாங்காத மெக்கானிக்கை எங்கள் ஊர் சும்மா விடுமா? வெள்ளிக்கிழமை சர்ச் மீன் விருந்தில் இவர்களுடைய கல்யாணத்துக்கு மாதம்கூடக் குறித்தாகிவிட்டது.

"ஏண்டி, முன்சக்கரத்துக்கே மனுஷன் மண்டி போடுறாரு. பின்சக்கரத்துக்கு மோதிரத்தோட வருவாரோ?" என்று பெர்னிஸ் டார்லாவின் காதில் சொன்னாள், தெருவுக்கே கேட்கும்படி.

வெர்னன் நிமிரவில்லை. பெர்னிஸ் விடாமல் தன் பழைய குறையை எடுத்தாள். வருடத்துக்கு ஒருமுறை வண்டியைச் சோதித்துக் கண்ணாடியில் ஸ்டிக்கர் ஒட்டும் உரிமத்தை அவன் போன வருஷம் திருப்பிக் கொடுத்துவிட்டான். இப்போது ஊரே இருபது மைல் போய், யாரோ முகம் தெரியாத சிடுமூஞ்சியிடம் வண்டியைக் காட்டவேண்டியிருக்கிறது. முன்பெல்லாம் ஒரு பொட்டலம் மான்கறியும் நாலு வார்த்தைப் பேச்சும் போதும், வெர்னன் ஸ்டிக்கரை ஒட்டிவிடுவான்.

பார்வை சரியில்லை என்று மட்டும் சொன்னான் வெர்னன். பெர்னிஸ் தட்டை வைத்துவிட்டுப் போனாள். போனவள் நேரே வீட்டுக்குள் போகவில்லை. தன் தபால் பெட்டியைத் திறந்து காலியான பெட்டிக்குள் எதையோ தேடினாள்.

டார்லா படியில் உட்கார்ந்து அவன் வேலையைப் பார்த்தாள். இன்று அவன் கேட்டால் சரி என்று சொல்லிவிடுவதாக முடிவு செய்திருந்தாள். பதினான்கு மாதமாக ஒரு ஆளுக்குச் சமைத்து அவளுக்கு அலுத்துவிட்டது.

ஆனால் மனிதர் வாய் திறந்தால்தானே. பின்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்தான். ஜாக்கியை நம்பாமல் இரண்டு பக்கமும் இரும்புத் தாங்கி வைத்தான். வண்டியைத் தோளால் இடித்து அசைகிறதா என்று பார்த்தான். கழற்றிய சக்கரத்தையும் வண்டிக்கு அடியிலேயே படுக்கப் போட்டான், தாங்கி சறுக்கினாலும் ஆள் பிழைக்கட்டும் என்று. சக்கரத்தைத் தாங்கும் கீழ் இரும்புக் கைக்கு இன்னொரு ஜாக்கி. இந்த நேரத்துக்கு ரஸ் வேலையை முடித்துவிட்டு இரண்டாவது பியர் திறந்திருப்பான் என்று டார்லா நினைத்துக்கொண்டாள்.

"தள்ளி நில்லு டார்லா. உள்ள இருக்கிற சுருள்வில் அமுங்கிக் கிடக்கு. தெறிச்சுதுன்னா ஆளையே கொன்னுரும்."

சக்கரத்தை வண்டியோடு இணைக்கும் பால் ஜாயிண்டின் நட்டை முழுக்கக் கழற்றாமல் நாலு சுற்று மிச்சம் வைத்துவிட்டு, சுத்தியலால் தட்டினான். எட்டாவது அடியில் பிடி விட்டது. பழைய ஜாயிண்டை வெளியே எடுத்து அவள் முன்னால் ஆட்டினான். அதிலிருந்த இரும்புக் குண்டு தன் குழிக்குள் கடகடவென்று ஆடியது.

"இன்னும் ஒரு மாசம் ஓட்டியிருந்தா, ஏதாவது ஒரு வளைவுல சக்கரம் அப்படியே மடங்கியிருக்கும்."

நல்லவேளை நீங்கள் பார்த்தீர்கள் என்று டார்லா அவன் கையைத் தொட்டாள். அவன் கையை இழுத்துக்கொண்டான். சுத்தமாகிவிட்ட ஸ்பானரை மறுபடி மறுபடி துடைத்தான்.

புதிய ஜாயிண்டைப் பொருத்தி, நட்டை அளவு பார்த்து முறுக்கினான். நட்டு கழலாமல் பிடிக்கும், தீக்குச்சி பருமன்கூட இல்லாத பூட்டு ஊசியை, கண்ணாடி போடாமலே, முதல் தடவையிலேயே துளைக்குள் செருகி முனைகளை மடக்கினான். பிறகு மறுபக்கச் சக்கரத்துக்குப் போய் எல்லாவற்றையும் முதலிலிருந்து, அதே நிதானத்தில் செய்தான்.

வேலை முடிந்தபோது மணி மூன்று. பியரோகி ஆறிப்போய்விட்டது. டார்லா எழுந்து வந்து அவன் பக்கத்தில் நின்றாள்.

"ஊர் என்ன பேசுதுன்னு உங்களுக்கும் தெரியும். நீங்க கேக்கப் போறதில்ல, நானே சொல்லிடறேன். ரஸ் போனதுக்கு யார் மேலயும் எனக்குக் கோபம் இல்ல. நீங்க இங்கேயே இருந்துடுங்க."

எதிர்ப்பக்கம் மறுபடி திறந்திருந்த தபால் பெட்டி மூடும் சத்தம் கேட்கவில்லை. பெர்னிஸ் மூச்சைக்கூட அடக்கிக்கொண்டிருந்தாள்.

வெர்னன் கந்தலைக் கீழே வைத்தான். அவள் முகத்தைப் பார்க்காமல், வண்டியைப் பார்த்துச் சொன்னான்:

"ரஸ் வண்டிக்குக் கடைசியா ஸ்டிக்கர் ஒட்டினப்ப, நான் வண்டியை ஜாக்கில தூக்கிக்கூடப் பாக்கல, டார்லா."