செடிக்குள் ஒளித்தவை

"இந்தத் தொட்டிக்குள்ள மீன் இருக்கோ, அக்கா?"

டெங்கு சோதனைக்கு வந்த சுகாதாரப் பரிசோதகர் பஸ்லான், விறாந்தையிலிருந்த கண்ணாடித் தொட்டியின் முன் நின்றார். உள்ளே பச்சைச் செடிகள் மட்டுமே தெரிந்தன.

"இருக்குது, சேர்," என்றாள் மாகிரட். "ஆளைக் கண்டா செடிக்குள்ள ஒளிச்சிடுங்கள்."

"மீன் இல்லையெண்டா இப்பவே தண்ணியை வெளியில ஊத்தவேணும். நுளம்பு முட்டையிடும்."

"வேர் இப்பதான் பிடிக்குது, சேர். ஊத்தினா செடியெல்லாம் செத்துப்போகும்."

பஸ்லான் முழந்தாளிட்டு, டோர்ச்சை இலைகளுக்குள் அடித்தார். நெடுநேரம் எழும்பவில்லை.

"பதினஞ்சு, பதினாறு, பதினேழு." அவருடைய குரல் தாழ்ந்திருந்தது. "முதல்ல நுளம்புக் குடம்பிப் புழு எண்டுதான் நினைச்சனான். மீன்குஞ்சு, அக்கா. உடம்பு கண்ணாடி மாதிரி, கண் மட்டும்தான் தெரியுது. தாய் மீனைப் பிடிச்சு வேற தண்ணியில விடுங்கோ. குஞ்சுகளைத் திண்டிடும்."

"ஓம், சேர்."

அவர் அட்டையில் கையெழுத்து வைத்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனார்.

மாகிரட் அதே இடத்தில் முழந்தாளிட்டாள்.

அந்தத் தொட்டியில் அவள் இன்னும் ஒரு மீன்கூட விடவில்லை. செடி வேர்பிடித்த பிறகு வாங்கலாம் என்றுதான் இருந்தாள். போன கிழமை தம்பலகாமத்துக் குளத்தில் பிடுங்கிய செடிகளை ஈரப் பேப்பரில் சுற்றி, பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்தாள். இலைகளின் அடியில் ஒட்டியிருந்த சின்னக் கண்ணாடி மணிகளை அவள் கழுவவில்லை. அவ்வளவுதான்.

ஓர் இலையின் ஓரத்தில் இரண்டு கறுப்புப் புள்ளிகள் அசையாமல் அவளைப் பார்த்தன. பிறகு, ஆளைக் கண்டதும், செடிக்குள் ஒளித்துக்கொண்டன.