எதிர் பிளாக்கின் புது லிஃப்ட்

எதிர் பிளாக்கில் லிஃப்ட் கதவு திறந்தது. உள்ளேயிருந்து ஒருவர் சைக்கிளை உருட்டிக்கொண்டு வெளியே வந்தார்.

சைக்கிளுக்குக்கூட லிஃப்ட். என் வீட்டுக்காரருக்கு இல்லை.

இக்கரைக்கு அக்கரை பச்சை என்று சும்மா சொல்வார்கள். அங்கே நிஜமாகவே பச்சை. போன மாதம்தான் குடியிருப்பு அலுவலகம் ஆள் அனுப்பிப் பெயிண்ட் அடித்துக் கொடுத்தது. அதற்கு முன்னால் மாடிப்படிக்குப் புது விளக்கு. அதற்கும் முன்னால் குப்பைத் தொட்டிகளுக்கு ஒரு கொட்டகை. குப்பைக்குக்கூட அங்கே ஒதுங்க இடம் உண்டு.

எங்கள் பக்கம் ஒன்பது மாதமாக லிஃப்ட் ஓடவில்லை. இடுப்பில் ஆபரேஷன் முடிந்து, நாலு பேர் தூக்கி, நாலாவது மாடிக்கு வந்து சேர்ந்தவர் என் வீட்டுக்காரர். இன்னும் கீழே இறங்கவில்லை. டாக்டர் தினமும் வெளியே நடக்கச் சொன்னார். இவர் கட்டிலுக்கும் ஜன்னலுக்கும் நடந்தார். போன வாரம் அதையும் பாதியில் நிறுத்தி, போதும் என்று உட்கார்ந்துவிட்டார். இப்படியே விட்டால் கால் நடையையே மறந்துவிடும் என்று டாக்டர் போனில் என்னைத் திட்டினார்.

எங்கள் படியில் ஏறுகிறவர்கள் எல்லோரும் அலுவலகத்தைச் சபித்துக்கொண்டேதான் ஏறுவார்கள். நானும் கூடச் சேர்ந்து சபிப்பேன்.

எதிர் பிளாக்கின் பிரதிநிதி என் ஓரகத்தி. கொழுந்தன் பெண்டாட்டி. நான் மூத்த மருமகள். ஆனால் மாமியார் வீட்டில் முதல் காபி அவளுக்குத்தான் போகும். வீடு ஒதுக்கிய குலுக்கலில் எனக்கு நாலாவது மாடி விழுந்தது, அவளுக்குத் தரைத்தளம். தன் வீட்டுக்குப் படியே ஏற வேண்டாதவளுக்கு இந்த வாரம் புது லிஃப்ட் வந்திருக்கிறது. பார்த்துக்கொண்டு எப்படிச் சும்மா இருப்பது?

அவள் வீட்டில் குழாய் சொட்டினால் ஊரைக் கூட்டிவிடுவாள். அழுத பிள்ளைக்குத்தான் பால். எனக்கு அழ வராது. வீட்டுக் கஷ்டத்தை வெளியே கொட்டி மானத்தைக் கப்பலேற்றுகிற பழக்கம் எங்கள் அம்மா வீட்டில் கிடையாது.

இன்று அலுவலகத்திலிருந்து அதிகாரி அம்மா வந்திருந்தார். அடுத்து எந்த பிளாக்கின் லிஃப்டை மாற்றுவது என்று சொல்லப்போகிற நாள். எங்கள் பிளாக்குக்கு நான்தான் பிரதிநிதி என்பதால் கீழே போய் நின்றேன். ஓரகத்தி முன்னாடியே வந்திருந்தாள். புதுப் புடவை வேறு.

அதிகாரி பட்டியலைப் படித்தார். மூன்றாவது பிளாக்குக்கு முதலில். ஐந்து பிளாக்கில் எங்களுடையது கடைசி.

ஒன்பது மாதமாக அடக்கி வைத்ததெல்லாம் வாய்க்கு வந்துவிட்டது. இது பச்சை ஓரவஞ்சனை என்றேன். சிலருக்குக் கேட்ட உடனே நடக்கிறது, சிலர் செத்தாலும் எட்டிப் பார்க்க நாதியில்லை என்றேன். ஓரகத்தியைப் பார்க்கவில்லை. ஆனால் அவளுக்குக் கேட்கிற மாதிரிதான் சொன்னேன்.

அதிகாரி கோபப்படவில்லை. ஃபைலைத் திறந்து ஒன்பது தாள்களை எடுத்தார். மாதாமாதம் பிரதிநிதிகள் எழுதிக் கொடுக்கும் படிவம். ‘பிளாக்கின் நிலை’ என்ற வரிக்கு நேரே ஒன்பதிலும் என் கையெழுத்து.

நலம்.

ஆமாம், எழுதினேன். லிஃப்ட் மெக்கானிக்கிடம் இரண்டு தடவை வாயால் சொன்னேன், தலையாட்டிவிட்டுப் போனார். எழுத்தில் சொல்லத்தான் மனம் வரவில்லை. ஐந்து பிளாக்கின் படிவத்தையும் வாங்கி அலுவலகத்தில் சேர்ப்பது ஓரகத்தி. என் வாசலில் நின்றபடியே பிரித்துப் படிப்பாள். அவள் கண் படுகிற தாளில் என் குறையை எழுதுவேனா? சொந்தக்காரருக்குக் கடிதம் போடுவதுபோல நலம் என்று எழுதி மடித்துக் கொடுத்தேன். கடிதத்தில் யார் நிஜத்தை எழுதுகிறார்கள்?

அதிகாரி இன்னும் ஒன்பது தாள்களை எடுத்து என் முன்னால் வைத்தார். எதிர் பிளாக்குடையவை. ஒவ்வொன்றிலும் கடைசி வரி ஒரே மாதிரி இருந்தது. எங்களுக்கு எதிர் பிளாக்கில் லிஃப்ட் ஓடவில்லை, என் கணவரின் அண்ணன் நாலாவது மாடியில் மாட்டிக்கொண்டிருக்கிறார், எங்களுடையதற்கு முன்னால் அதைப் பாருங்கள்.

“போன் பண்ணி உங்ககிட்டயே கேட்டோம்மா. யாரோ பொறாமையில எழுதுறாங்கன்னு சொல்லிட்டீங்க. பிரதிநிதி சொல்றதத்தானே நாங்க எடுத்துக்க முடியும்?”

சொன்னேன். வீட்டு விஷயம் வெளியே போன ரோஷத்தில் இதே வார்த்தையைத்தான் சொன்னேன்.

ஓரகத்தி முந்தானையைத் திருகிக்கொண்டு நின்றாள். “அதெல்லாம் இப்ப எதுக்கு மேடம்” என்று முனகினாள்.

இன்றைக்கே எழுதிக் கொடுத்தால் பட்டியலை மாற்றலாம் என்றார் அதிகாரி. என்னிடம் பேனா இல்லை. ஓரகத்தி தன்னுடையதை நீட்டினாள்.

நன்றி வரவேண்டிய இடத்தில் எனக்கு வயிறுதான் பற்றி எரிந்தது. என் புருஷனுக்காக அவள் ஒன்பது தடவை எழுதியிருக்கிறாள். நான் எழுதுவது பத்தாவது.