எட்டாம் நாள் முதுகு

பிசியோதெரபிஸ்ட் இன்னும் தொடவே இல்லை. அதற்குள் கட்டிலில் மல்லாந்து கிடந்தவன், "மெதுவா, மெதுவா" என்று முனக ஆரம்பித்துவிட்டான்.

வழக்கமாக வருகிறவர் திடீரென்று லீவு போட்டதால் இந்த வீட்டுக்கு அவளை அனுப்பியிருந்தார்கள். போனில் வந்த தகவல் ஒரே வரிதான்: வீட்டு விலாசம், முதுகெலும்பு ஆபரேஷன், எட்டாம் நாள். கதவைத் திறந்த வயதான அம்மாள், "வாம்மா, உனக்காகத்தான் காலையிலேர்ந்து காத்துக்கிட்டிருக்கோம். இவன் இடுப்பைக் கொஞ்சம் பாரு" என்று நேராக மகனின் கட்டிலுக்கே கூட்டி வந்துவிட்டாள்.

அந்த அறையின் ஜன்னலைத் திறந்து பல நாளாகியிருக்க வேண்டும். பழைய வேர்வையும் தைலமும் சேர்ந்து புளித்த வாடை அடித்தது. கட்டிலடியில் பிஸ்கட் தூள், டீ காய்ந்து கறை பிடித்த மூன்று கோப்பைகள். தலையணை ஓரத்தில், அப்போதுதான் வெட்டிப் போட்டிருந்த கால் நகங்கள். சீழையும் ரத்தத்தையும் பார்த்து முகம் சுளிக்காத தொழில் அவளுடையது; அந்த நகங்களைப் பார்த்ததும் ஓரடி பின்னால் நகர்ந்துகொண்டாள்.

வலி எப்படி இருக்கிறது என்று கேட்டாள். இதற்காகவே பிறந்தவன் மாதிரி அவன் சொல்லத் தொடங்கினான். ஆஸ்பத்திரியில் நாலு ராத்திரி பொட்டுத் தூக்கமில்லையாம். அதிலிருந்து இடுப்பு இடுப்பாகவே இல்லையாம். பிள்ளை துரும்பாக இளைத்துவிட்டான் என்று அம்மாள் பக்கத்திலிருந்து எடுத்துக் கொடுத்தாள். துரும்பின் தொப்பை சட்டைப் பொத்தானைப் பிதுக்கிக்கொண்டு நின்றது.

"தினம் எழுந்து நடக்குறீங்களா?"

நடப்பதா என்று அவன் அம்மாவைப் பார்த்துச் சிரித்தான். பாத்ரூம் போய்வந்தால் அதுவே பெரிய காரியம் என்றாள் அம்மாள், ஏதோ பரிசு வாங்கியவனைப் பற்றிச் சொல்வதுபோல.

அப்போது ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே ஒரு பெண் கதவோரம் வந்து நின்றாள். அவன் மனைவி. "மேடம், நான்..." என்று தொடங்கினாள்.

"மேடத்துக்கு டீ கொண்டா" என்று அம்மாள் வெட்டிவிட்டாள். அப்படியே அந்த ரிமோட்டையும் எடுத்துக் கொடுத்துவிட்டுப் போகச் சொன்னான் கணவன். அது அவன் கை எட்டும் தூரத்தில்தான் தரையில் கிடந்தது. அவள் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு, முழங்காலை மடக்கி உட்கார்ந்து, எடுத்துக் கொடுத்துவிட்டு உள்ளே போனாள்.

பிசியோதெரபிஸ்டுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எத்தனையோ நோயாளிகளைப் பார்த்திருக்கிறாள். வலிக்குப் பயப்படுகிறவர்கள் மேல் அவளுக்குக் கோபம் வந்ததே இல்லை. இவனுக்குப் பயமில்லை, சுகமாக இருக்கிறது. அவ்வளவுதான்.

"வெளியில இருக்கிற தையல் தானா ஆறிடும். உள்ள ஆறுறப்பவும் தழும்பு வளரும். அதைக் கட்டுப்படுத்த டாக்டர் செய்யறதை ஆபரேஷன் அப்பவே செஞ்சிருப்பார், மீதி உங்க கையிலதான் இருக்கு. அசையாமக் கெடந்தா அந்தத் தழும்பு நரம்போட ஒட்டிக்கலாம். ஒட்டிக்கிட்டா, மறுபடி திறந்து பிரிக்கிறது லேசான வேலை இல்ல."

ஒரு நாளைக்குப் பல தடவை, தடவைக்கு ஐந்து நிமிடம் நடக்க வேண்டும் என்றாள். குனியக் கூடாது, கனம் தூக்கக் கூடாது, ஒரே இடத்தில் நெடுநேரம் உட்காரக் கூடாது. நரம்பு ஒட்டாமல் வழுக்கிப் போய்வர, படுத்தபடியே காலை நீட்டி மடக்கும் பயிற்சி ஒன்று உண்டு என்று சொல்லிக் கையாலேயே செய்து காட்டினாள். அவன் கடைவாய்ப் பல் தெரியக் கொட்டாவி விட்டான்.

டீயோடு திரும்பி வந்த மனைவிதான் ஒரு வார்த்தை விடாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். மனப்பாடம் செய்வதுபோல அவள் உதடு அசைந்தது.

"ஒட்டிக்கிச்சுன்னா முதல்ல எப்படித் தெரியும், மேடம்?"

கெண்டைக்கால் வழியாக இழுக்கும், குதிகால் மரத்துப் போகும் என்றாள் பிசியோதெரபிஸ்ட். அதைக் கேட்டதும் மனைவியின் முகம் வெளுத்தது. இந்த வீட்டில் அக்கறை உள்ள ஒரே ஆள் இவள்தான். அந்த அக்கறையும் இப்படி ஒருத்தனுக்காக வீணாகிறதே என்று நினைத்தபோது கோபம் அந்த மனைவி மேலேயே திரும்பியது.

"எல்லாத்தையும் இருக்கிற இடத்துக்கே கொண்டுவந்து குடுத்தா இவர் எப்படி எழுந்திருப்பார்? இவரைக் கெடுக்கிறதே நீங்கதான்."

அவள் டீத் தட்டை நீட்டினாள். அவளுக்கு நன்றாகச் சொல்லும்படி பிசியோதெரபிஸ்டிடம் கேட்டுக்கொண்டு, கணவன் பிஸ்கட்டை டீயில் முக்கி வாயில் போட்டான். ஊறிய பிஸ்கட் மீசையில் ஒட்டித் தொங்கியது. நாக்கை நீட்டி அதையும் வழித்து உள்ளே இழுத்துக்கொண்டான்.

இதற்கு மேல் ஒரு நிமிடம் இங்கே நிற்க முடியாது என்று தோன்றியது பிசியோதெரபிஸ்டுக்கு. வந்த வேலையை முடித்துவிட்டுப் போய், வீட்டில் தலைக்குக் குளிக்க வேண்டும். கையுறையை மாட்டிக்கொண்டாள்.

"திரும்பிப் படுங்க. தையலைப் பார்க்கணும்."

அடுத்த பிஸ்கட் பாதி வழியில் நின்றது. அவன் அம்மாவைப் பார்த்தான். அம்மாள் டிவியைப் பார்த்தாள்.

மனைவி டீத் தட்டை மேசையில் வைத்தாள். ஒரு கையைச் சுவரில் ஊன்றி, மெல்லத் திரும்பி நின்றாள்.

"தையல் என் முதுகுல இருக்கு, மேடம்."