கிழக்குச் சுவர்

பத்து ஐம்பது. அப்பா சாக இன்னும் பத்து நிமிஷம் இருந்தது.

சிமெண்ட் கொட்டகைக்குப் பின்னால் இருந்த பழைய செங்கல் சாக்கடையிலிருந்து ஊர்ந்து வெளியே வந்த நீலாவதி, சேறு வழியும் புடவையோடு ஆபீஸ் ஜன்னலில் தொற்றிக்கொண்டு சுவர்க் கடிகாரத்தை இன்னொரு தரம் பார்த்தாள். பத்து ஐம்பதுதான்.

கல்கத்தா பாலிகஞ்சில் பதினெட்டு மாடிக் கட்டடத்துக்காகத் தோண்டிக்கொண்டிருந்த முப்பதடிக் குழி அது. நீலாவதி அங்கே ஜூனியர் இன்ஜினியர். அவள் வம்சத்தில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள். குழியில் தண்ணீர் எங்கிருந்து கசிகிறது என்று பார்க்க, காலையில் டார்ச்சோடு அந்தச் சாக்கடைக்குள் நுழைந்திருந்தாள்.

மறுமுனையில் ஏறினால் அங்கேயும் இதே குழி, இதே கொட்டகை. ஆனால் கேட்டுக்கு எதிரே மிட்டாய்க் கடை இருக்க வேண்டிய இடத்தில் தபால் ஆபீஸ் இருந்தது. மணியும் இங்கத்தியைவிட முந்தி ஓடிப் பன்னிரண்டாகியிருந்தது. அது வேறொரு கல்கத்தா.

அங்கே பதினொரு மணிக்குக் குழியின் கிழக்குச் சுவர் சரிந்துவிட்டிருந்தது. பதினேழு பிணங்களைக் கோணி போர்த்தி வரிசையாகக் கிடத்தியிருந்தார்கள். கடைசிப் பிணம் பம்ப் மிஸ்திரி முனுசாமி, அவள் அப்பா. தலைமாட்டில் உட்கார்ந்து மார்பில் அடித்துக்கொண்டவளுக்கு நீலாவதியின் முகமே இருந்தது.

அந்த முகம் நிமிர்வதற்குள் இவள் வந்த வழியே திரும்பி ஓடிவந்துவிட்டாள்.

இங்கே எதிரே மிட்டாய்க் கடை இருந்தது. ஈ ஓட்டிக்கொண்டு அதே கடைக்காரர். குழிக்குள் அப்பாவின் பம்ப் ஓடும் சத்தம் கேட்டது. நல்லவேளை, தன் கல்கத்தாவுக்கே வந்து சேர்ந்தாகிவிட்டது.

சைட் இன்ஜினியர் வைத்தியநாதன் மேஜைமேல் காலை நீட்டிக்கொண்டு பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"என்னம்மா, சுவர் விரிசலை அளந்துண்டு வான்னு அனுப்பி அஞ்சு நிமிஷம் ஆகலை. அதுக்குள்ள மேல வந்துட்டியா?"

யாரிடம் என்ன சொன்னோம் என்று அந்த மனுஷனுக்கு என்றைக்குத்தான் ஞாபகம் இருந்திருக்கிறது? தன்னை அனுப்பியது சாக்கடைக்கு என்று நின்று திருத்த நேரமில்லை.

"சார், கிழக்குச் சுவர் விழப்போகுது. எல்லாரையும் மேல ஏறச் சொல்லுங்க."

"யார் சொன்னா?"

"நானே பார்த்தேன் சார்."

"இனிமே விழப்போறதை இப்பவே பார்த்துட்டியா? ஜாதவ்பூர்ல இன்ஜினியரிங்கோட ஜோசியமும் சொல்லித் தராளா?" அவர் பேப்பரைப் புரட்டினார். "பம்ப் ஓட்டறவன் பொண்ணுக்கெல்லாம் இந்த வேலையைக் குடுத்தா இப்படித்தான்."

"பம்ப் ஓட்டறவர் பொண்ணுதான் சார். அதனாலதான் கீழ ஆளுங்க நிக்கிறாங்கன்னு எனக்கு ஞாபகம் இருக்கு."

இவருக்குப் புரியவைக்கப் பத்து நிமிஷம் போதாது, ஒரு ஜென்மம் வேண்டும். அவள் வெளியே ஓடினாள். கேட்டருகே யூனியன் காரியதரிசி நிதாய் பீடி பற்றவைத்துக்கொண்டிருந்தார்.

"நிதாய்தா!" வங்காளியில் மூச்சிரைக்கச் சொன்னாள். "சாஹேப் உங்க ஆளுங்களைத் திருட்டுப் பசங்கன்னு சொல்லிட்டார்."

"தினம் சொல்றதுதானே தீதி."

"இன்னிக்குப் பதினோரு மணி டீயும் கிடையாதாம்."

நிதாய் பீடியை எறிந்துவிட்டு எழுந்தார். "டீ கிடையாதா?"

தகரக் குழாயை வாயில் வைத்துக் குழியைப் பார்த்து அவர் போட்ட சத்தத்தில் காக்காய்கள் பறந்தன. "சொல்பே நா! சொல்பே நா!" நடக்காது, விடமாட்டோம். கீழேயிருந்து பதினாறு குரல்கள் அதையே திருப்பிக் கத்தின. மண்வெட்டிகள் விழுந்தன. கல்கத்தாக்காரன் சுவர் விழுகிறது என்றால் நின்று வேடிக்கை பார்ப்பான்; ஸ்டிரைக் என்றால் அடுத்த நிமிஷம் ஏணியில் இருப்பான்.

வைத்தியநாதன் எட்டிப் பார்த்துவிட்டு மறுபடி உட்கார்ந்தார். ஸ்டிரைக் தொழிலாளிகளுக்குத்தான். இன்ஜினியர்களுக்கு அதில் வேலையில்லை.

நீலாவதி நிதாயின் முதுகுக்குப் பின்னால் நின்று, ஏறி வருகிறவர்களை விரல் மடக்கி எண்ணினாள். பதினான்கு. பதினைந்து. பதினாறு. பம்ப் சத்தம் நின்றது. ஆனால் ஏணியில் யாரும் வரவில்லை.

பத்து ஐம்பத்தெட்டு. பத்து ஐம்பத்தொன்பது.

கடைசியில் ஒரு நரைத்த தலை தெரிந்தது. அப்பா. ஏறி வரும்போதே கீழே குனிந்து குனிந்து பார்த்துக்கொண்டு, படிப்படியாக, கொல்லும் நிதானத்தில் வந்தார். அவர் கால் தரையில் பட்டதும் கிழக்குச் சுவர் ஒரு பெருமூச்சு விட்டாற்போல் உள்ளே சாய்ந்தது. முப்பதடிக் குழி பாதியாக நிரம்பியது. ஏணி காணாமல் போயிற்று.

நீலாவதிக்கு அழுகையும் சிரிப்புமாக வந்தது. பதினேழு பேரும் மேலே. ஒரு பிணம் இல்லை.

முனுசாமி மட்டும் குழியின் விளிம்புக்கு ஓடினார். தொண்டை கிழியக் கத்திக்கொண்டு சரிந்த மண்ணுக்குள் குதிக்கப் போனார். அவள் பாய்ந்து பின்னாலிருந்து அவரைக் கட்டிக்கொண்டாள்.

"அப்பா! அப்பா, எல்லாரும் ஏறிட்டாங்கப்பா! நான் இங்க இருக்கேன், பாரு!"

அவர் திரும்பினார். அவள் முகத்தைப் பார்த்ததும் அவருடைய கத்தல் நின்றது. ஆனால் அந்தக் கண்களில் நிம்மதி வரவில்லை. பிசாசைக் கண்டவர்போல் அவள் கைகளை உதறிவிட்டுப் பின்வாங்கினார்.

"அப்ப, 'நீ முன்னால ஏறுப்பா, இதோ வரேன்'னு இப்ப என்னை ஏணியில ஏத்திவிட்டது யாரு?"