நாலு சைக்கிள், ஒரு மைக்

"பேப்பரைப் பாரு. சைக்கிள் பயணத்துக்கு யோசனை சொன்னது நான். போட்டோவுல நடுவுல நிக்கிறது அவன்."

பெயிண்ட் கடைக்காரர் பேப்பரை நீட்டினார். பல் டாக்டர் வாங்கிப் பார்த்தார்.

"அவன் நெட்டையா இருக்கான், நடுவுல நிக்க வச்சிருக்காங்க. இதுக்குப் போய் மூஞ்சியத் தூக்கி வச்சுக்குவியா?"

"நான் ஒண்ணும் தூக்கி வச்சுக்கல."

வைத்துக்கொண்டுதான் இருந்தார், புறப்பட்ட அன்றிலிருந்தே.

நண்பர்கள் நாலு பேர். பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்ச். இப்போது அரை நரை, முழுத் தொப்பை. இனி வைத்தியமில்லை என்று ஆஸ்பத்திரி கைவிரித்தவர்களைக் கடைசிவரை வைத்துப் பார்த்துக்கொள்ளும் இல்லம் ஒன்று இருக்கிறது. அதற்கு நன்கொடை திரட்டத்தான் ஊர் ஊராக இந்த மிதி. பெயிண்ட் கடைக்காரரின் அம்மா போன வருஷம் அங்கேதான் கண்ணை மூடினாள்.

அதனால் போகிற இடமெல்லாம் அவர்தான் பேசினார். அம்மா பட்ட பாட்டைச் சொல்லும்போது குரல் உடையும். கேட்பவர்கள் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். பேசி முடித்துத் திரும்பினால், அத்தனை பேரும் நெட்டையனைச் சுற்றி நின்று சிரித்துக்கொண்டிருப்பார்கள்.

அப்படி என்னதான் இருக்கிறது அவனிடம்? லிப்ட் ரிப்பேர் பார்க்கிறவன். கியர்கூட இல்லாத ஓட்டை சைக்கிள். பெயிண்ட் கடைக்காரருடையதோ வெளிநாட்டுச் சரக்கு. எதிர்காற்று அடித்தால் மட்டும் மற்ற மூன்று பேரும் நெட்டையன் முதுகுக்குப் பின்னால் ஒண்டிக்கொள்வார்கள். காற்றை அவன் வாங்கிக்கொள்வான், இவர்களுக்கு மிதி லேசாகிவிடும். பெயிண்ட் கடைக்காரரும் ஒண்டுவார். ஒண்டிக்கொண்டே வயிறெரிவார்.

ஒரு மேட்டில் அவருடைய செயின் கழன்றது. நெட்டையன் திரும்பி வந்து, குத்துக்காலிட்டு உட்கார்ந்து மாட்டிவிட்டான். கையெல்லாம் கறுப்பு.

"உன்னை யாரு கூப்பிட்டா? எனக்குத் தெரியாதா மாட்ட?"

"தெரியும்டா. கை சும்மா இருந்துச்சு."

"போட்டோக்காரன் இங்க இல்லடா. வீணா நடிக்காதே."

நெட்டையன் கையைப் புல்லில் துடைத்துக்கொண்டு ஏறி மிதித்தான். அதுவும் பெயிண்ட் கடைக்காரருக்குப் பிடிக்கவில்லை.

"போகட்டும், கடைசி நாள் இல்லத்துல நடக்குற கூட்டத்துல நான்தானே பேசணும்" என்று மனசைத் தேற்றிக்கொண்டார். அங்கேயாவது அம்மாவின் மகன் என்று ஊர் அவரைப் பார்க்கும். அது ஒன்றுதான் அவருக்கு வேண்டியிருந்தது.

கடைசி நாளும் வந்தது. இல்லத்து வாசலில் நாற்காலி போட்டு, மைக் வைத்திருந்தார்கள். நாலு சைக்கிளும் உள்ளே நுழைந்ததும் நர்சுகள் ஓடி வந்தார்கள். பெயிண்ட் கடைக்காரர் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார்.

அவர்கள் அவரைத் தாண்டிப் போய் நெட்டையனைச் சூழ்ந்துகொண்டார்கள்.

"என்னண்ணே, எங்களை மறந்துட்டீங்களா?"

"இளைச்சுப் போயிட்டீங்களே அண்ணே."

இங்கேயுமா? பெயிண்ட் கடைக்காரருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மைக்கில் நிர்வாகி அழைத்தார். "இந்தப் பயணத்துக்கு ஏற்பாடு செஞ்ச பெயிண்ட் கடைக்காரர் வந்து, தன் தாயாரைப் பத்தி ரெண்டு வார்த்தை பேசணும்."

அவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு ஓர் அடி எடுத்து வைத்தார். அதற்குள் நர்சுகள் கைதட்டிக்கொண்டே நெட்டையனைப் பிடித்து மைக்கை நோக்கித் தள்ளினார்கள். அவன் மாட்டேன் என்று தலையை ஆட்டி ஆட்டிப் பின்வாங்கினான்.

பெயிண்ட் கடைக்காரருக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. பக்கத்தில் நின்ற வயதான நர்சிடம் திரும்பினார்.

"என்னம்மா இது? அவன் யாருன்னு நினைச்சீங்க?"

"ஏன் சார், பெயிண்ட் கடை வச்சிருக்கிறவர்தானே? நாலாம் நம்பர் ரூம் அம்மாவோட மகன்."

"யாரு சொன்னது?"

"அந்தம்மாவேதான். கடைசியில அவங்களுக்குக் கண்ணும் தெரியல, காதும் சரியாக் கேட்கல. ஆனா இவர் வந்து கையைப் பிடிச்சா முகம் அப்படி மலர்ந்துடும். கஞ்சி ஊட்டுறது, நகம் வெட்டுறதுன்னு எல்லாம் இவர்தான். 'எம் புள்ளைக்குக் கடையில தலைக்கு மேல வேலை. அப்படியும் ஒரு நாள் தவறாம வந்துடுறான் பாரு. எனக்கு வேற என்ன வேணும்'னு வர்றவங்க போறவங்ககிட்டயெல்லாம் சொல்லுவாங்க. அந்தச் சந்தோஷத்தோடயே போனாங்க சார்."

பெயிண்ட் கடைக்காரர் நாலாம் நம்பர் ரூமை இன்றுவரை பார்த்ததில்லை. மாதாமாதம் ஆபீசில் பணத்தைக் கட்டிவிட்டு, அப்படியே கடைக்குத் திரும்பிவிடுவார். "அம்மாவை அந்தக் கோலத்துல பார்க்க எனக்கு மனசு தாங்காதுடா. நீ ஒரு எட்டுப் பார்த்துட்டு வந்துடு" என்று நெட்டையனிடம் ஒரே ஒரு தடவை சொல்லியிருந்தார். அதற்கப்புறம் கேட்கவுமில்லை.

நெட்டையன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு அவரிடம் வந்தான். முகத்தில் திருட்டு முழி.

"மன்னிச்சுடுடா. அம்மா என்னை நீன்னு நினைச்சுட்டாங்க. இல்லேன்னு சொல்ல மனசு வரல. அதைக் கேட்டு இவங்களும் அப்படியே நினைச்சுட்டாங்க. வா, உன்னைத்தான் கூப்பிடுறாங்க."

மைக்கில் மறுபடியும் அழைப்பு வந்தது. பெயிண்ட் கடைக்காரர் நெட்டையனின் தோளைப் பிடித்துத் திருப்பி, முன்னால் நகர்த்தினார்.

"மகனைத்தான்டா கூப்பிடுறாங்க. நீ போ."