காலி வீதியில் வெடித்த நெஞ்சு

“‘அறியப்படாத பாடல்கள்’ என்றால் என்ன அர்த்தம்? யார் அறியக்கூடாது என்று மறைத்து வைத்தாய்?”

இன்ஸ்பெக்டர் சிங்களத்தில் அதட்டினார். எதிரே மர வாங்கில் சிவானந்தன் இருந்தான். வெள்ளவத்தையில் கசெட் கடை வைத்திருப்பவன் அவன். காலைச் சோதனையில் அவனையும் அந்தப் பெயர் அச்சிட்ட அறுபது கசெட்டுகளையும் ஒரே ஜீப்பில் ஏற்றி வந்திருந்தார்கள்.

“மறைக்கேல்லை, சேர். ‘நீலக் காகங்கள்’ எண்டு பழைய ரொக் இசைக்குழு. அவையின்ர ஆரம்பகாலப் பாட்டுகள் ஒருத்தருக்கும் தெரியாது. அதான் பன்னிரண்டைத் தொகுத்தனான்.”

பக்கத்தில் இருந்த அரசாங்க மொழிபெயர்ப்பாளர் தில்லைநாதன், வழுக்கைத் தலையைத் தடவியபடி அதைச் சிங்களத்தில் சொன்னார்.

“ஒருவருக்கும் தெரியாத பாட்டை எவன் வாங்குவான்?”

சிவானந்தன் மனதுக்குள் எண்ணிப் பார்த்தான். இதுவரை மூன்று பேர்தான் வாங்கியிருந்தார்கள்.

கசெட் ஓடத் தொடங்கியது. கிட்டார் அலறியது. முதல் பாட்டிலேயே இன்ஸ்பெக்டர் துள்ளி எழுந்தார்.

“நிறுத்து! ‘வெடி’ என்கிறான்!”

சிங்களத்தில் வெடி என்றால் துப்பாக்கிச் சூடு.

“காதல் பாட்டு, சேர். அவளைக் கண்டால் நெஞ்சு வெடிக்கிறதாம்” என்றார் தில்லைநாதன்.

“எந்த இடத்தில்?”

“வெள்ளவத்தைக் காலி வீதியில், பஸ் தரிப்பிடத்தில்.”

இன்ஸ்பெக்டர் குறித்துக்கொண்டார். “எத்தனை மணிக்கு?”

“நேரம் சொல்லவில்லை, சேர். அவள் வரும்போது.”

இப்படியே வரிவரியாகப் பன்னிரண்டு பாட்டும் முடிய மத்தியானம் தாண்டிவிட்டது. இன்ஸ்பெக்டர் கசெட் உறையிலிருந்த படத்தை நீட்டினார். நான்கு இளைஞர்கள், முகத்தை மூடிய தலைமயிர்.

“பாடியவன் இதில் யார்?”

“தெரியாது, சேர். பழைய டேப்பில பேர் எழுதேல்லை” என்றான் சிவானந்தன்.

தில்லைநாதன் படத்தைக் கண்ணருகே பிடித்துப் பார்த்தார். “ஒருவனுடைய முகமும் தெரியவில்லையே, சேர்.”

பிறகு அறிக்கை எழுதினார்: ‘பாடல்களில் கருத்து எதுவும் இல்லை. சத்தம் அதிகம். பாடகருக்குக் குரல்வளம் கிடையாது. நாட்டின் பாதுகாப்புக்கு ஆபத்தில்லை.’

ஒரு காலைப் பொழுது முழுவதும் கேட்டுக் களைத்த இன்ஸ்பெக்டர் அதை மனப்பூர்வமாக ஒப்புக்கொண்டு முத்திரை குத்தினார்.

கசெட் பெட்டியோடு வெளியே வந்த சிவானந்தன், வாசல் காவலைத் தாண்டியதும் கூட வந்த தில்லைநாதனைக் கையெடுத்துக் கும்பிட்டான். ஆனாலும் அவனால் பொறுக்க முடியவில்லை.

“ஐயா, என்னைக் காப்பாத்தினியள். சாகும்வரைக்கும் மறக்கமாட்டன். எண்டாலும் அந்தக் குரலைப் பற்றி நீங்கள் அப்பிடி எழுதியிருக்கக்கூடாது. எவ்வளவு அருமையான பாடகன்! நீங்கள் ஒழுங்காக் கேக்கேல்லைப் போல.”

தில்லைநாதன் நடப்பதை நிறுத்தினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“அரசாங்க உத்தியோகம் கிடைச்ச அண்டைக்கே பாடுறதை விட்டிட்டன், தம்பி. இருபது வருசமாச்சு. உன்னை விட்டா, என்ர பன்னிரண்டு பாட்டையும் கடைசிவரைக்கும் இருந்து கேட்ட முதல் மனுசன், அந்த இன்ஸ்பெக்டர்தான்.”